ஆறாம் நாளின் படம்

மங்கையற்கரசி கல்லடியில் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஒக்டோபரில் பத்துக் கணினிகள் வந்தன. அதிபர் அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கடற்கரைப் பக்கம் இருந்த கடைசி அறையில் வைத்துப் பூட்டினார். ஜனவரியில் யாரோ பெரியவர் வந்து நாடா வெட்டிய பிறகுதான் அறையைத் திறப்பது என்று முடிவு. மங்கையற்கரசி மூன்று தரம் போய் அந்தப் பூட்டின் திறப்பைக் கேட்டார்.

"ரீச்சர், புள்ளையள் தொட்டாப் பழுதாப் போயிரும். இன்னும் ஒரு மாசந்தானே, பொறுங்க" என்றார் அதிபர்.

அவரும் பொறுத்தார். டிசம்பர் இருபத்தாறாம் திகதி கடல் வந்தது.

அன்று காலை அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். அதனால் தப்பினார். ஒரு கிழமை கழித்து அந்த அறைக்குள் போனபோது பத்துக் கணினிகளும் சேற்றில் சரிந்து கிடந்தன. உறைகள் கழலவே இல்லை. அவருடைய எட்டாம் வகுப்பில் முப்பத்திநான்கு பிள்ளைகள். ஒன்பது பேர் இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தக் கணினிகளில் ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்ததில்லை. தட்டிப் பார்த்திருந்தாலும் போயிருப்பார்கள்தான். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் நான்காம் தரம் போய்க் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. கணவர் வினாயகமூர்த்தி தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், நிதானமான மனிதர். மனைவி நின்றபடியே சோறு தின்பதையும், பின்னேரம் வாசலுக்கும் குசினிக்கும் நடப்பதையும் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மங்கை, என்னத்தையாவது படி. இப்பிடி நடந்து நடந்து நிலம் தேயப் போகுது."

வந்தாறுமூலையில் சனி ஞாயிறுகளில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தார். வழியில் எத்தனை சோதனைச் சாவடி இருந்தாலும் ஒரு வகுப்புத் தவறவில்லை. இரண்டாயிரத்து ஏழில் அவரைப் புதிய ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது. அந்த வருடம் அவரிடம் பதினைந்து புதிய ஆசிரியர்கள் வந்தார்கள். பாடத்திட்டத்தில் இருந்ததெல்லாம் எழுத்தின் நிறத்தை மாற்றுவது, படம் ஒட்டுவது, திரையில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டுவது. முதல் சனிக்கிழமையே பத்து மணிக்குள் அதை முடித்துவிட்டு மேசைகளுக்கிடையே நடந்தார்.

"உங்கட வகுப்பில எந்தப் பாடம் செத்துக் கிடக்குது? அத முதல்ல சொல்லுங்க. கணினிய மறுகாப் பாப்பம்."

ஓட்டமாவடியில் இருந்து வந்த இன்ஷிரா, தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கும்போது வாயே திறப்பதில்லை என்றாள். "போன் வைச்சிரிக்கிறீங்கதானே? அதுல குரலைப் பதிஞ்சு அதுகளுக்கே போட்டுக் காட்டுங்க" என்றார் மங்கையற்கரசி. அடுத்த கிழமை இன்ஷிரா வந்து, பிள்ளைகள் தங்கள் குரல் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப வாசித்துத் தொண்டை கட்டிப்போனதைச் சொல்லிச் சிரித்தாள்.

மாங்கேணியில் கணிதம் படிப்பித்த யசோதினியின் முறைப்பாடு வேறு. "எங்கட புள்ளையளுக்கு வரைபு விளங்குதில்ல மிஸ். கோடு கீறச் சொன்னாக் கீறுதுகள். அந்தக் கோடு என்னத்தச் சொல்லுது எண்டு கேட்டாப் பேசாம இரிக்குதுகள்."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஆறு இரிக்கா?"

"இரிக்கு மிஸ்."

"மாரி தொடங்குது. ஆத்தங்கரையில ஒரு கம்ப நட்டு அளவு கீறுங்க. பக்கத்தில சிலேட்டில நாள் இலக்கத்த எழுதி வையுங்க. ஒவ்வொரு நாளும் ஏழரைக்குப் போனில ஒரு படம். ஒரு மாசம் எடுங்க. பிறகு எல்லாத்தையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓட உட்டா, தண்ணி கம்பில ஏறுறது பத்துச் செக்கனில தெரியும். வரைபு எண்டா அதுதான்."

பேசப் பேசவே அவருக்கு அந்தப் படம் கண்ணில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஒக்டோபர் கடைசியில் தொடங்கினார்கள். ஆறாம் நாள் ஆற்றங்கரை இராணுவக் காவலரணில் இருந்த சிப்பாய் யசோதினியை மறித்தான். எதற்காகத் தினமும் தண்ணீரைப் படம் எடுக்கிறாய் என்று அரைத் தமிழில் கேட்டான். போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தான். அன்றைய படத்தின் மூலையில் காவலரணின் தகரக்கூரை விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தான். மங்கையற்கரசி அன்றே பஸ் ஏறி வந்து, தன் அடையாள அட்டையையும் பாடப்புத்தகத்தையும் காட்டி, தெரிந்த சிங்களத்தில் கால் மணிநேரம் விளக்கினார். "படத்தில் எங்கள் இடம் விழக்கூடாது" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். யசோதினி மறுபக்கம் கிறுகி நின்று எடுத்தாள்.

நவம்பர் இருபத்தைந்தாம் திகதி மங்கையற்கரசி மடிக்கணினியோடு மாங்கேணிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இல்லை. வரும் வழியில் ஓட்டமாவடியில் தெரிந்த ஒரு கடையில் இறங்கி, கணினிக்கு மின்னேற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். இருபத்திமூன்று பிள்ளைகள். மழைக்காக யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். எல்லோரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"மெதுவா உடுவமா மிஸ்?" என்று யசோதினி காதோடு கேட்டாள்.

"வேகமா ஓடினாத்தான் விளங்கும்" என்று பொத்தானைத் தட்டினார் மங்கையற்கரசி.

தண்ணீர் ஏறியது. கம்பின் அடியில் நின்ற தண்ணீர் துடித்துத் துடித்து மேலே வந்தது. கரையில் கிடந்த கல் மறைந்தது. புல் மறைந்தது. சிலேட்டை மேலே மேலே தூக்கி வைத்தும் தண்ணீர் அதைத் துரத்திக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் நின்ற கம்சாயினி கத்தினாள். பின்னால் நின்றவர்களைத் தள்ளினாள், மேசையை உதைத்தாள், வழி கிடைக்காமல் வாங்குப் பலகையின் மேல் ஏறிப் பாய்ந்து வெளியே ஓடினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கடல் வந்தபோது ஏழு. தகப்பனும் தம்பியும் போக, அவளைப் பனை மரத்தில் இருந்து இறக்கினார்கள். யசோதினிக்கு அது தெரியும். பிள்ளைகளைப் பற்றி மங்கையற்கரசி ஒரு தரமும் கேட்கவில்லை.

 இரண்டு பையன்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மங்கையற்கரசி கணினியை மூடினார். அதைப் பைக்குள் வைத்தார். 

"பதினொரு மணி பஸ்ஸுக்குப் போறன் புள்ள. நான் செஞ்சது பிழை. அதிபரிட்ட நானே சொல்றன்."

"போகாதீங்க மிஸ்." யசோதினியின் குரல் உயர்ந்தது. அவள் அப்படிப் பேசியதே இல்லை. "இத இப்பிடியே உட்டுட்டு நீங்க பஸ் ஏறினா, நாளைக்கு நான் எந்த முகத்தோட இந்த வகுப்புக்குள்ள வாற? கணினியத் தாங்க."

மழை விட்டிருந்தது. கம்சாயினி வேப்பமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். யசோதினி போய் அவள் பக்கத்தில் இருந்தாள். கணினியை ஒரு வாங்கில் வைத்து, தானாக ஓடுவதை நிறுத்திவிட்டு, முதல் படத்தைக் கொண்டுவந்தாள்.

"இஞ்ச பாரு புள்ள. இந்த அம்புக்குறிக் கட்டைய அமத்தினா ஒரு படம் வரும். அமத்தாட்டி வராது. இந்தப் பக்கத்துக் கட்டைய அமத்தினாப் பழைய படத்துக்குப் போகும். தண்ணி தானா ஏறாது. நீ சொன்னாத்தான் ஏறும்."

கம்சாயினி பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து தள்ளி நின்றார்கள். பதினொரு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மங்கையற்கரசி அதைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், விறாந்தையில் நாலடி போவதும் வருவதுமாக இருந்தார்.

பிறகு அந்தப் பிள்ளை விரலை நீட்டிக் கட்டையை அமத்தினாள். ஒன்று. நிறுத்தினாள். இரண்டு. திரும்ப ஒன்றுக்குப் போனாள். மூன்று, நான்கு, ஐந்து. மீண்டும் அமத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ரீச்சர், ஆறு எங்க?"

"ஆறு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கிடக்கு!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அந்த ஆறு இல்லடா மடையா" என்றாள் கம்சாயினி கோபமாக. "ஆறாம் நாள். அஞ்சுக்குப் பிறகு ஏழு வருது."

யசோதினி சிப்பாய் அழித்த கதையைச் சொன்னாள். அப்படியென்றால் அன்று தண்ணீர் எவ்வளவு நின்றிருக்கும் என்று கேட்டாள். ஐந்தாம் நாள் பதினொரு கோடு, ஏழாம் நாள் பதினேழு. நடுவில் பதினாலு என்று நாலைந்து பேர் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"இல்ல" என்றாள் கம்சாயினி. "ஆறாம் நாள் பின்னேரந்தானே பெருமழ பெஞ்ச. எங்கட கொட்டிலும் ஒழுகின. படம் எடுக்கிற காலையில. அப்ப பன்ரெண்டுதான் நிண்டிரிக்கும். அதுக்குப் பிறகுதான் சடாரெண்டு ஏறின."

யசோதினி ஈர மண்ணில் ஒரு குச்சியால் கோடு கீறினாள். ஐந்திலிருந்து ஆறு வரை மெதுவாகப் போய், அங்கிருந்து செங்குத்தாக எழுந்த கோடு. "மழ எங்க பெஞ்சிரிக்கு?" என்று கேட்டாள். நாலு பக்கமிருந்தும் விரல்கள் அந்த வளைவைத் தொட்டன. மங்கையற்கரசி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் யசோதினிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பதினைந்து பேருக்கும் முன்னால் நடந்ததை மறைக்காமல் சொன்னார். தான் எதைக் கேட்காமல் விட்டார், யசோதினி என்ன செய்தாள் என்று எல்லாம். கல்முனைப் பக்கத்தில் படிப்பித்த அப்துல் கபூர் எழும்பினார்.

"அப்ப மிஸ், இப்படியான பாடம் நமக்கு வேணாமே. புத்தகத்தோட நிக்கலாமே."

"வேணும் தம்பி. ஆனா ஓட உடுற கட்டை புள்ளையிட கையில இரிக்க வேணும். நம்மட கையில இல்ல."

அப்துல் கபூர் தலையாட்டினாரே தவிர, அவருக்கு அது முழுதாகப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. மங்கையற்கரசிக்கும் அந்தப் பதில் போதவில்லை. எந்தப் பிள்ளை எதைக் கண்டால் நடுங்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்று பின்னேரம் வினாயகமூர்த்தியிடமும் அதையே கேட்டார். 

டிசம்பர் முதல் கிழமையில் ஆற்றுவாயில் அடைத்திருந்த மணலை ஊரார் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது. யசோதினி போன் எடுத்தாள். "மிஸ், கம்சாயினி தானே படம் எடுக்கப்போறன் எண்டு நிண்டாள். குடுத்தன். பத்தடி தள்ளி நிண்டுதான் எடுத்தாள். கிட்டப் போகமாட்டாளாம்."

படம் சரிந்திருந்தது. சிலேட்டின் இலக்கம் தெரியவில்லை. என்றாலும் தண்ணீர் எட்டுக் கோடு இறங்கியிருந்ததை எண்ண முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மங்கையற்கரசி போனபோது சுவரில் ஒட்டியிருந்த வரைபில் அந்தக் கோடு கீழே விழுந்திருந்தது.

"இது என்ன சொல்லுது புள்ள?" என்று கேட்டார்.

"வெட்டி உட்டாங்க மிஸ்" என்றாள் கம்சாயினி. விளையாடப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் பஸ் பழுதாகி ஓட்டமாவடிக்கு முன்னால் நின்றது. மற்றவர்கள் இறங்கி நிழல் தேடினார்கள். மங்கையற்கரசி, திங்கட்கிழமை போக வேண்டிய இன்னொரு பள்ளிக்கூடத்தின் புதிய ஆசிரியைக்குப் போன் எடுத்து, வகுப்பில் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு, வெயிலில் வீதியோரமாக நடக்கத் தொடங்கினார்.