அக்கா சொல்லாத ஆமென்

என் அக்காவின் கணவருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் வேலை. கணீரென்ற குரல். வீட்டில் அது முழுசாக வெளியே வருவது மாலை ஜெபத்தில்தான். தியானப் புத்தகத்தில் அன்றைய பகுதியை வாசிப்பார், எல்லோரும் கண்ணை மூடுவோம், உடனே அக்காவைப் பற்றி ஆண்டவரிடம் கோள் சொல்ல ஆரம்பிப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தில் அவளுக்குப் பொறுமை வேண்டும் என்று கேட்பார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்தால் அவள் நாவை அடக்கித் தர வேண்டும். பெந்தெகொஸ்தே நாளிலும், அவள் துணிகளை மழையில் நனையவிட்ட கதையைத்தான் பரிசுத்த ஆவியானவர் கேட்க வேண்டியிருந்தது. நேரில் திட்டினால் பதில் சொல்லலாம். ஜெபத்தில் திட்டினால் என்ன செய்வது? அவர் முடித்ததும் அக்கா ஆமென் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் யாரும் கண்ணைத் திறக்கலாம். அது அந்த வீட்டுச் சட்டம். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு முன் அக்கா நர்ஸ். இந்த வருஷம் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் சேர வேண்டும். லெந்து முழுக்க ஜெபித்துப் பார்ப்போம், ஆண்டவர் பதில் தருவார் என்றார் அத்தான். அக்கா நம்பினாள். பெட்டியில் கிடந்த சீருடையை எடுத்துத் தேய்த்துக்கூட வைத்தாள்.

ஈஸ்டர் மாலை நானும் அந்த மேசையில் இருந்தேன். கல்லறைக் கல் புரண்ட பகுதியை அத்தான் உருக்கமாக வாசித்தார். பிறகு ஜெபம்.

"ஆண்டவரே, இவளோட இடம் இந்த வீடுதான்னு எங்களுக்குக் காட்டினீரே, உமக்கு நன்றி."

அக்கா ஆமென் சொல்லவில்லை.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அத்தான் கண் மூடியபடியே காத்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். கடைசி வரியைத் திரும்பச் சொன்னார். அக்கா மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாதேடி, சொல்லாதே என்று நானும் ஜெபித்தேன். நான் மனசாரச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

அப்போது, காலேஜ் போகிற அவள் மகள் கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றாள்.

அத்தான் கண்ணைத் திறந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"யாராவது சொல்லணும்ல சித்தி, பசிக்குது" என்றாள் அவள் என்னிடம், மெதுவாக.

அக்கா எழுந்து எல்லோருக்கும் பரிமாறினாள். தேய்த்த சீருடை பெட்டிக்கே திரும்பிப் போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆமென் சொல்வது மகள்தான். அக்கா சொல்கிறாளா இல்லையா என்று இப்போது யாரும் காத்திருப்பதில்லை.