உள்தையலில் இரண்டு விரல் துணி

பிரசவத்துக்குப் பிறகு மகளுக்குப் பற்றாமல் போன, டிசைனர் கடையில் துணி கொடுத்துத் தைத்த ரவிக்கையைப் பிரித்துவிட இன்று உட்புறம் திருப்பினேன். தையலை ஒட்டியே துணியை வெட்டியிருந்தார்கள். ஓரம் நூல் நூலாக வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது பிள்ளையார்பாளையத்தில் என் அம்மா தையல்காரி. எதிர்வீட்டுக் கமலா அக்கா, அம்மா தைத்த புது ரவிக்கையை வாங்கிய அன்று, "மீதித் துணிய சுட்டுட்டியேம்மா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பிறகு அம்மாவிடம் யாரும் துணி கொடுக்கவில்லை.

கமலா அக்காவுக்குக் குழந்தை பிறந்தபின் அந்த ரவிக்கை இறுக்கிப் பிடித்ததால், தன் தம்பி கல்யாணத்துக்கு முன் அவளே தயங்கி வந்தாள். அம்மா பக்கத்தையலைப் பிரித்தாள். உள்ளே மடித்திருந்த இரண்டு விரல் துணி விரிந்தது.

"நான் சுட்டது இதான். பாத்துக்கினு நிக்காத, போட்டுப் பாரு."

மறுநாள் அக்கா அதை வீடு வீடாகக் காட்டினாள்.

"இதுல துணியே விடல" என்றேன் மகளிடம்.

"அப்போ நாம குடுத்த மீதித் துணி எங்கம்மா?"