தவக்காலத்தில் சிவந்த வாய்

மரியாயி போய்விட்டாள்.

பதுளை ஆஸ்பத்திரியில்... முந்தாநாள். டிஸ்பென்சரிக்கு ஆள் வந்து சொன்னபோது புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீமையிலிருந்து ஒரு டாக்டர் துரையும், பல் பிடுங்கும் துரைசாணியம்மாவும் வந்து, சம்பளம் வாங்காமல் தேயிலைத் தோட்டம் தோட்டமாக வைத்தியம் பார்க்கிறார்களே... அந்தக் கேம்ப்பில் நம் ஜனங்கள் சொல்வதை அவர்களுக்குப் புரியவைத்தவள் இவள்தான். நான் மருந்து ஊற்றிக் கொடுப்பவள்.

பங்களாவில் ஆயாவாக இருந்தவள் என்பதால் நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும். மீதியைக் கையாலும் கண்ணாலும் சமாளிப்பாள்.

பல் பிடுங்கும்போது தலையைப் பிடிப்பதும் அவள்தான். "வாயத் தொறங்கய்யா! கங்காணியத் திட்டுறப்ப மட்டும் இம்மாம் பெருசாத் தொறக்குதுல்ல?" என்பாள். வலியோடு வந்தவரும் சிரித்துவிடுவார். அந்த நேரம் பார்த்துத் துரைசாணியம்மா குறடைப் போட்டுவிடுவார்.

கொஸ்லந்தைப் பக்கம் முதல் கேம்ப்... காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தோம். ஓரமெல்லாம் சிவப்பாகத் துப்பிக் கிடந்ததைப் பார்த்து டாக்டர் வெலவெலத்துப் போனார். தோட்டம் முழுக்க ரத்தம் கக்கும் நெஞ்சு நோய், காசம் என்று பொம்பிளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்!

மரியாயி வெற்றிலையை மடித்து, மென்று, அவர் கண் முன்னாலேயே துப்பிக் காட்டினாள். "நோ பிளட், தொரை. வெத்தல." அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறே வலித்தது.

அதற்குப் பிறகு டாக்டர் சிவப்பைக் கண்டால் கேட்பதே இல்லை.

போன மாதம் பூனாகலையில் கேம்ப். ஒரு பெரியவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இருமினாள். துரைசாணியம்மாவின் வெள்ளை ஏப்ரனில் சிவப்பு.

"வெத்தலதாம்மா..." என்று சேலைத் தலைப்பால் துடைத்தாள். டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

ஆனால் அது தவக்காலம். எங்கள் மாதா கோயில் பொம்பிளைகள் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை வெற்றிலையை விட்டுவிடுவோம். மரியாயி பாக்குத் துண்டுகூடத் தொடமாட்டாள். அந்த வெள்ளைக்காரருக்கு இது எங்கே தெரியப்போகிறது...

நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வராது. "பிளட்" மட்டும் வந்தது.

அவள் என்னைப் பார்த்த பார்வை... ஐயோ, மாதாவே!

"ஏங்க்கா சொன்னீங்க? நெஞ்சு நோயின்னா லயத்த விட்டு எறக்கிப்புடுவாங்க. எம் புள்ளைக ரெண்டையும் ஆளுக்கொரு பக்கமாப் பிச்சுப்புடுவாங்கக்கா..."

புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் வேலைக்கு நிற்கும்வரைதான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அந்த ஒற்றை அறைக் காம்பரா. பிள்ளைகளுக்கு அதுதான் வீடு. அதற்காகத்தான் இத்தனை நாளும் இருமலை விழுங்கியிருக்கிறாள்.

அன்றைக்கே மாட்டு வண்டியில் பதுளைக்கு அனுப்பினார்கள். வண்டி கிளம்பும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நாளைக்கே இன்னொருத்திக்கு இப்படி வந்தாலும் சொல்லத்தான் சொல்வேன். சொல்லாமல் எப்படி இருப்பது? இருந்தாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அங்கேயே அடக்கிவிட்டார்களாம். பிள்ளைகள் முகம்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை பெரகலச் சந்தியில் நின்றோம். பெரியவள் அன்னம்மாவை மாமன் கீழே கொஸ்லந்தைக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். சின்னவள் ரோசாவை மேலே பண்டாரவளைக்குக் கொண்டுபோக அத்தைக்காரி வந்திருந்தாள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள இரண்டு வீட்டிலும் வழி இல்லை. என் வீட்டிலும் இல்லை.

ரோசா அக்காவின் பாவாடையைப் பிடித்தவள் விடவே இல்லை. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார்.

அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

கோபத்தோடேயே போய்விட்டாய், மரியாயி... போய் வா, தாயி.