வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க

என் தம்பிக்கு ஆண்டவன் காதை மட்டும் கொடுத்தான், வாயைக் கொடுக்க மறந்துவிட்டான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான், அதனால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விருந்துக்குப் போனால் இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டான். வழி தெரியாவிட்டால் யாரையும் கேட்க மாட்டான், அதே தெருவைச் சுற்றிச் சுற்றி வருவான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கடை. சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டது நான், வேலை கேட்டது நான், அவன் சட்டைக்கு அளவு சொன்னதுகூட நான்தான். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு யூனிஃபார்ம் தைக்கிறவள் என்பதால் அது ஒன்றாவது என் தொழிலோடு போயிற்று.

அவன் தொழில் ஹெட்போன். எஸ்கலேட்டர் வைத்த ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், விலை உயர்ந்த ஹெட்போன் மட்டுமே விற்கிற கடை. ஒன்றின் விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் அங்கேயே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார். கடைக்குள்ளே சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு கண்ணாடி அறை. வருகிறவர்களை அதில் உட்காரவைத்து, அவர்கள் விரும்பும் பாட்டைப் போட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக ஹெட்போனைத் தலையில் மாட்டி, "கேளுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே நிற்பான். அவ்வளவுதான் வேலை. அதில் மட்டும் அவனை அடிக்க ஆளில்லை என்று முதலாளியே சொன்னார்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஹெட்போன் என்று யாராவது சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். நிறைய வயலின் சேர்ந்து வாசிப்பதற்குப் பின்பக்கம் வலை வைத்த திறந்த மாடல்தான் சரியாம். வாசிக்கிறவர்கள் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பதுபோல் காற்றோட்டமாகக் கேட்குமாம். ஒரே தொல்லை, நாம் கேட்பதைப் பக்கத்தில் இருக்கிறவரும் கேட்பார். டிரம்ஸும் கிட்டாரும் போட்டு நொறுக்குகிற பாட்டுக்கு நன்றாக மூடின மாடல். ஒற்றைக் குரல் பாட்டுக்கு வேறொன்று, அதில் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரியும். சினிமாப் பாட்டென்றால் எல்லாச் சத்தமும் முண்டியடித்துக்கொண்டு வருவதால் எதை மாட்டினாலும் ஒரு குறை. அவன் பேச்செல்லாம் சமையலறைப் பேச்சு. "பாஸ், அதான் அடிச்சத்தம், குழைஞ்சு போச்சு, மேல சத்தம் லேசா தீஞ்சிருக்கு" என்பான். இதில் செய்தி கேட்க எது நல்லது என்று என் வீட்டுக்காரர் விளையாட்டாக ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவன் சாப்பாட்டுக்கே வரவில்லை.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் கிளம்ப வேண்டும். கடையை விட்டு வர மாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, குக்கர் விசில் அடித்தால்கூட எந்தச் சுரத்தில் அடிக்கிறது என்று யோசிப்பானே தவிர அடுப்பை அணைக்க மாட்டான். இவனைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாதென்று அவசர அவசரமாகப் பெண் தேடினேன். பார்த்த பெண் வீடுகள் எல்லாம் கைவிட்டுப்போயின. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னால், "உங்க ஃபேன்ல பேரிங் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தவன் இவன்.

இந்தச் சமயத்தில்தான் பஸ்காரம்மா பேச்சு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. டவுன் பஸ் ஓட்டுகிறவள். நாளெல்லாம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் விடுமுறையன்றைக்கு நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஒரு ஹெட்போன் வேண்டும் என்று வந்தாளாம். அவளுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு செவ்வாயும் வருவாளாம், கேட்பாளாம், போவாளாம், வாங்க மாட்டாளாம். ஒரு ஃப்ளாஸ்க் நிறைய டீயும் இரண்டு கப்பும் வேறு கொண்டுவருவாளாம்.

"அவங்களுக்கு ரொம்ப நுட்பமான காதுக்கா. நாலு மாசமா ஒரு முடிவுக்கே வர முடியல" என்றான் தம்பி, மனம் நிறைந்த பெருமையோடு. ரெண்டாவது கப் யாருக்கு என்று கேட்டேன். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று கொண்டுவருகிறாள்போல என்றான். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அதெல்லாம் அவனுக்குத் தெரியாதாம். இடது காதில் மட்டும் மெல்லிய சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், பஸ் இன்ஜின் அந்தப் பக்கம் இருப்பதுதான் காரணம் என்பது மட்டும் தெரியுமாம். நான் மெஷின் பாபினில் நூலை மாற்றப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பெரிய பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று திறந்த மாடல், இன்னொன்று மூடினது. கடையில் மாதிரிக்கு வைத்திருப்பதை முதலாளியிடம் சொல்லி எடுத்துவந்திருக்கிறான். பஸ்காரம்மா அன்றைக்கு மூடின மாடலை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாளாம். கழற்றிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாளாம். பிறகு, "எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் சரின்னு பட்டா, வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாளாம். அதனால் வீட்டில் வைத்து நன்றாகக் கேட்டுவிட்டு எது சரி என்று அடுத்த வாரம் சொல்லப் போகிறானாம். இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் தன் காதைவிட இவன் காதை நம்புவது பெரிய மரியாதையாம்.

எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தைக்க வேண்டிய துணி மலைபோல் கிடந்தது, நான் காதில் வாங்கவில்லை. அதற்கப்புறம் வீடு பட்ட பாடு இருக்கிறதே. அவன் கேட்கும்போது மெஷின் ஓட்டக் கூடாது. மிக்ஸி போடக் கூடாது. என் வீட்டுக்காரர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. நான் சாப்பிடக் கூப்பிட்டால், பேச்சுச் சத்தத்தில் பாஸ் தெரியவில்லை என்று என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னான். வயலின், தாலாட்டு, டிரம்ஸ், சினிமாப் பாட்டு என்று ஒன்று விடாமல் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டான். திறந்த மாடலில் கேட்ட தாலாட்டில் தூங்கிப்போனது என் வீட்டுக்காரர்.

அடுத்த செவ்வாய் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதற்கடுத்த செவ்வாய் பஸ்காரம்மா வரவில்லை. அதற்கும் அடுத்த செவ்வாயும் வரவில்லை. இவன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளிடம் நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல் என்று உட்கார்ந்தேன்.

அவன் சொன்னான். "வீட்ல நல்லா கேட்டேங்க. ஆரம்பத்துல நல்லாத்தான் இருக்கு, போகப் போக ஒத்துவராது. கனம் வேற ஜாஸ்தி, கழுத்து தாங்காது" என்று சொன்னானாம். அதற்கு அவள், அப்படி யார் சொன்னது என்று கேட்டாளாம். தானே முடிவு செய்ததாகச் சொன்னானாம். அப்படியானால் வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டாளாம்.

"வேண்டாங்க, அடுத்த மாசம் புதுசா, லட்சணமா, இதைவிட லேசா ஒண்ணு வருதுன்னு சொன்னேன். பேசாம எழுந்து போயிட்டாங்க. ஃப்ளாஸ்கைக்கூட எடுத்துக்கல" என்றான்.

எனக்குச் சிரிப்பதா, அவன் மண்டையில் கரண்டியாலேயே ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், புரைக்கேறி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"டேய், வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்கன்னா, ஹெட்போனைக் கேட்கச் சொல்லலடா. என்னைக் கேட்கச் சொல்லியிருக்கா. உன்னைக் கட்டிக்கிறதுக்கு" என்றேன்.

சொன்னதையெல்லாம் தனக்குள் முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டிப்பார்க்கிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. "கனம் ஜாஸ்தி" என்ற இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். "அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்தா?" என்றான் மெதுவாக. ஆனவள் எதற்குடா வீட்டில் கேட்கச் சொல்கிறாள் என்று கத்தினேன். பிறகு அவன் ஒன்று சொன்னான். செவ்வாய்க்கிழமை என்றால் திங்கட்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டுவிடுவானாம், ஏன் போடுகிறோம் என்று யோசித்ததே இல்லையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது, பாவமாகிவிட்டது. என் கையால் வளர்ந்த பிள்ளை இப்படிக் கண்முன்னே ஒரு நல்ல வாழ்க்கையைக் கோட்டைவிட்டுவிட்டு நிற்கிறதே என்று அழுகை வந்தது.

மறுநாள் வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவன் கடை இருக்கிற சாலை வழியாக அவள் ஓட்டுகிறாள் என்பது மட்டும்தான் தெரியும், எந்த பஸ் என்று தெரியாது. நான் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, இது இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். தூரத்தில் ஏதோ ஒன்று கீச்சிட்டது. "இதுதான். அவங்க பிரேக்கை ஒரேயடியா மிதிக்க மாட்டாங்க, ரெண்டு தடவையா மிதிப்பாங்க, கடை வாசல்ல கேட்டிருக்கேன்" என்றான். அவள்தான்.

ஏறினோம். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கியரைப் போட்டாள். நல்ல வாட்டசாட்டமான பெண், கைமடிப்பில் ஒரு சுருக்கம் இல்லாத சட்டை, யார் தைத்தார்களோ தோள் அளவு மட்டும் கொஞ்சம் பிசகு. முன் சீட்டில் உட்கார்ந்தோம். நேர் எதிரே, வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேசக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போர்டு. தம்பிக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. கடைசி ஸ்டாப் வரைக்கும் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு வந்தான்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இன்ஜினை நிறுத்தினாள். எங்களைப் பார்க்காமலே, இறங்க வேண்டும், வண்டி திரும்பப் போகிறது என்றாள். தம்பி எழுந்து நின்றான், கம்பியைப் பிடித்துக்கொண்டான், "அந்த ஹெட்போன்..." என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

நானே பேசிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக இவனுக்காக எல்லாவற்றையும் நான்தானே கேட்டேன். ஆனால் இதையும் நான் கேட்டால், நாளைக்கு நாங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இவர்களுக்குள் உப்பு வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க வீட்ல கேட்கச் சொன்னீங்க. நான் ஹெட்போனைக் கேட்டேன். ஒத்துவராது, கனம்னு சொன்னதெல்லாம் ஹெட்போனைத்தான்" என்றான்.

அவள் திரும்பினாள். புதிதாக, லட்சணமாக ஒன்று வருகிறது என்று சொன்னதுகூட ஹெட்போனா என்று கேட்டாள். ஆமாம், போன மாடலைவிட எடை பாதி என்றான் மடையன். வீட்டில் யாரையும் கேட்கவே இல்லையா என்று கேட்டாள்.

"இவங்க எங்க அக்கா. இவங்க பேசினா பாஸ் தெரியலன்னு வெளிய போகச் சொல்லிட்டேன்."

அவள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கிற்று. ஹாரன் ஒரு தடவை அலறியது, அப்போதும் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவள் திறக்கவில்லை.

தம்பி சிரிக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"நான் யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லங்க. தப்பாக் கேட்டா மன்னிச்சுக்குங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றான்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பிறகு, "நானும் வீட்ல கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்றாள்.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. அதுவரை அடக்கிவைத்திருந்த வாய் தானாகத் திறந்துவிட்டது. வீட்டில் யார் யாரம்மா இருக்கிறார்கள், நான் வேண்டுமானால் வந்து பேசட்டுமா என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்" என்றாள்.

கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பினாள். கதவுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, இவனைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுட்டேன். வீட்ல சரின்னுட்டாங்க."