உடைந்த பல்பில் வெள்ளைப் பொடி

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம் நால்வர் குரூப்பைத் தாண்டிப் போகக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். படித்ததும் அழித்துவிடுங்கள். போர்வைக்குள் இருந்துதான் எழுதுகிறேன்...

சூடான கண்ணாடியில் தூசி கருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த நாட்கள் என்றாலே எனக்கு அந்த வாசனைதான்.

அப்பா ஓட்டிய பழைய கார் அது. அப்பா இறந்தபின் அண்ணன் ஓட்டுகிறார். வீடு ஓடுவதும் அவர் சம்பளத்தில்தான். அப்போது இங்கே குனோங் ராபாட்டிலேயே கார் சாமான் கடையில் வேலை பார்த்தார். முன்விளக்கில் பல்பு மாற்றும் நாள் எனக்குத் திருவிழா. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

"கண்ணாடியில கை வைக்காத பாப்பா. ஹலோஜன் லா இது. வெரல் எண்ணெ பட்டா அந்த எடம் சூடாயி வெடிச்சிரும்."

டிஷ்யூவைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைப்பார். அம்மா வாசலில் நின்று சிரிப்பார்.

"சாமி வெளக்கக்கூட நான் இப்படிப் பயந்து தொட்டதில்ல. தாலி கட்டப் போறவன் மாதிரி கை நடுங்குது பாரு."

"வந்து நீங்க மாட்டுங்கம்மா, பாக்கலாம்!"

பிறகு சுவிட்ச். எதிர்வீட்டுச் சுவர் மஞ்சளாகும். ஈசல்கள் எங்கிருந்தோ வந்து மொய்க்கும். அண்ணன் கையை நீட்டி நிழலில் முதலை காட்டுவார். அந்த முதலைக்கு நான் உண்மையிலேயே பயப்படுவேன்...

இப்போது அண்ணனுக்குக் கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை. சில வாரங்களுக்கு முன்பு ஒரு காலையில் எழுந்து பார்த்தால், காரின் இடது முன்விளக்கு நொறுங்கிக் கிடந்தது.

"ஃபேக்டரியில காடிய நிறுத்தியிருந்தேன்மா. எவனோ கல்லு விட்டு அடிச்சிட்டான் லா."

அம்மா அந்த எவனோவைச் சபித்தார். நானும் சேர்ந்துதான் திட்டினேன். ஆனால் தீபாவளிக்குக்கூடக் கார் கழுவாத அண்ணன், அன்று விடிவதற்குள் கழுவி முடித்திருந்தார். புது விளக்கையும் தனியாகவே மாட்டினார். நான் டார்ச்சோடு போனேன்.

"வேணாம். போய்ப் படி."

அன்றைக்குத்தான் சாந்தி அக்காவைப் பற்றிய செய்தி வந்தது. எங்கள் வரிசையில் கடைசி வீடு. லகாட் பக்கம் கேண்டீனில் வேலை முடித்து, முந்தைய இரவு மோட்டார் சைக்கிளில் திரும்பியவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. யார் இடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மருத்துவமனைக்கு மூவரும் போனோம். அம்மா அழுதார். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"காடி நம்பரப் பாத்தீங்களாக்கா?"

"எங்க தம்பி பாக்குறது... தூக்கிப் போட்டுருச்சு. ஒத்த லைட்டோட போச்சு, அது மட்டும்தான் தெரியும்."

அண்ணன் தலையாட்டினார். எனக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை.

போன வாரம் வேதியியல் வகுப்பில் ஹலோஜன்கள். நீங்களும்தான் இருந்தீர்கள். பல்புக்குள் கொஞ்சம் அயோடினோ புரோமினோ இருக்கும், சூட்டில் கம்பியை விட்டுப் பிரியும் தங்ஸ்டனை அது பிடித்து மறுபடி கம்பிக்கே கொண்டுவந்து சேர்க்கும், அதனால்தான் கண்ணாடி கறுப்பதில்லை என்றார் டீச்சர். பல்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அணைந்திருக்கும்போது உடைந்தால் கம்பி பளபளப்பு மாறாமல் இருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது உடைந்தால், காற்றுப் பட்டதும் கம்பி வெந்து வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி படியும். விபத்தை விசாரிப்பவர்கள் அதையும் பார்ப்பார்களாம். நீங்கள் எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கை ஓடவில்லை.

பழைய விளக்கு வீட்டின் பின்புறம் அரிசிச் சாக்கில் கிடந்தது. அம்மா கோயிலுக்குப் போனதும் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லாத பல்பு. கம்பியில் பளபளப்பே இல்லை. சுற்றிலும் வெண்மையாக, ஓரத்தில் லேசான மஞ்சளாக... பொடி.

நிறுத்தி வைத்த காரில் விளக்கு ஏன் எரிந்தது?

நாயை இடித்திருக்கலாம். ஏதாவது கம்பத்தில் மோதியிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கம்பத்தில் மோதியவர் கல் என்று ஏன் சொல்லவேண்டும்?

பல்பை டிஷ்யூவில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். இன்று மாலை சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்.

"பின்னால சாக்குல இருந்தத யாரு கெளறுனா?"

"பூனையா இருக்கும்டா" என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

சொன்னால் அண்ணனைக் கொண்டுபோய்விடுவார்கள், அம்மா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சாந்தி அக்கா முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாராம். அம்மா என்னைத்தான் துணைக்குப் போய் இருக்கச் சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் அண்ணன் தாமதமாக வரும் நாட்களில் தூங்காமல் கிடப்பேன். கார் திரும்பும்போது அந்த மஞ்சள் வெளிச்சம் என் அறைச் சுவரில் ஊர்ந்து போகும். அப்பாடா, அண்ணன் வந்துவிட்டார் என்று கண்ணை மூடுவேன். இப்போது மாட்டியிருப்பது வெள்ளை எல்.ஈ.டி. அதே சுவரில்தான் ஊர்ந்து போகிறது. நான் போனை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிறேன்...

நாளை டீச்சரிடம் பல்பைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். உங்களில் ஒருத்தி என்னோடு வரமுடியுமா? தனியாக என்னால்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டார், நேராகத் திறந்துகொண்டு வருவார்.

"பாப்பா... தூங்கிட்டியா? அண்ணேதான்."

பல்பின் படத்தை இப்போதே அனுப்புகிறேன். நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள், அழிக்காதீர்கள். யாராவது ஒருத்தி பத்திரமாக