மன்னியின் ஸட்ஜம்

"எங்கேர்ந்து பார்த்து இறங்கித்துங்கறேள்?" என்று மன்னி அண்ணாவைக் கேட்ட அந்தச் சாயங்காலம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அண்ணாவின் மனைவியை எங்கள் வீடுகளில் மன்னி என்போம். கல்யாணமாகிக் கம்பம்மெட்டுக்கு அவள் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஏலக் கம்பெனியிலிருந்து திரும்பிய அண்ணா, ஸ்வெட்டரைக் கழற்றாமலே காப்பிக்கு உட்கார்ந்து, ஏலக்காய் விலை இறங்கிவிட்டது என்று பொதுவாக அறிவித்தான். அப்படி அவன் அறிவித்தால் நாங்கள் தலையாட்டுவதுதான் வழக்கம். மன்னி தலையாட்டவில்லை. நான் அப்படிக் கேட்டிருந்தால் குட்டு விழுந்திருக்கும். கேட்டது புதுப் பெண்டாட்டி ஆயிற்றே, அவன் பென்சிலை எடுத்துக்கொண்டு விளக்க உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர்கள். எழுபதுகளில் அண்ணாவுக்கு அந்த ஏலக்காய் மலையில் உத்தியோகம்; தோட்டக்காரர்களுக்கு வாராவாரம் விலை நிலவரம் எழுதி அனுப்புவது அவன் வேலை. சக்குபள்ளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். மன்னிக்கும் எனக்கும் ஒரே வயது. அண்ணாவின் அறைச் சுவரில் கிராஃப் தாள்கள் ஒட்டிக்கிடக்கும். ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு, சந்தையின் போக்கு மூன்று வகை என்பான். வருஷக் கணக்கில் போகும் பெரிய போக்கு மேஜர். அதற்குள் சில மாதங்களுக்கு எதிர்த்திசையில் நகர்வது நடுத்தரம். அன்றாடம் ஏறி இறங்குவது மைனர். அதைப் பார்த்துப் பதறுகிறவன் முட்டாள். இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்துவிடும். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காயவைத்த காய் கையில் கனத்துக்கொண்டிருக்க, மருந்துக்கும் அரிசிக்கும் அன்றே விற்றாக வேண்டியவனிடம் போய் இது மைனர் என்று சொல்ல முடியுமா? ஆனால் நான் கேட்டதில்லை. மன்னிதான் கேட்டாள்.

மைனர் என்று ஒன்றைச் சின்னதாக்கி ஒதுக்கும் அந்த வார்த்தையோடு அவளுக்குச் சொந்தப் பகை உண்டு. பாலக்காட்டில் பி.ஏ. படித்தபோது அவளுக்கு எகனாமிக்ஸ் மெயின், சங்கீதம் சப்சிடியரி, அதாவது வெறும் துணைப்பாடம். அவளுக்குப் பிடித்த வரிசை நேர் எதிர். பாங்க் வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா முடிவு செய்தார். பாட்டு பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். எகனாமிக்ஸ் வகுப்பு முன்கட்டில் பெரிய ஹாலில் நடக்கும். பாட்டு வகுப்பு மாடிப்படிக்குப் பின்னால், ஜன்னல் சாத்தினால் இருட்டாகிவிடும் ஓர் அறையில். அந்த அறையைப் பற்றிப் பேசும்போதுதான் அவள் முகமே வேறாகும். ஒரே ஒரு தடவையாவது பாட்டு தன் மெயினாக இருக்க வேண்டும் என்று, என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருநாள் சொன்னாள். வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதனால்தான் எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் இடம் காலியானதும் நான் ஓடிப்போய் முதலில் அவளிடம் சொன்னேன். பள்ளியை நடத்தியது அங்கிருந்த தேவாலயம். மானேஜராக இருந்த பாதிரியாரை அச்சன் என்போம்; நல்ல மனிதர். பாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர். நேர்காணலுக்கு மலைக்குக் கீழேயிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்திருந்தார். பாடகர் குழுவைப் பழக்குகிறவர், ஆர்மோனியமும் பியானோவும் வாசிப்பார். நானும் மூலையில் இருந்தேன்; துணைக்கு என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

முதலில் மாஸ்டர் எங்கள் பிள்ளைகள் பிரேயரில் பாடும் குதூகலமான ஒரு பாட்டை ஆர்மோனியத்தில் வாசித்தார். இது மேஜர் என்றார். பிறகு வேறொன்று வாசித்தார். அந்த அறைக்குள் மேகம் இறங்கினாற்போல் இருந்தது. இது மைனர், துக்கத்துக்கு உரியது, அடக்கத்தின்போது வாசிப்போம் என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். மன்னி முதலாவது சங்கராபரணம் என்றும் இரண்டாவது நடபைரவி என்றும் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. நடபைரவியில் துக்கம் மட்டும்தானா இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தொடலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு, ஆர்மோனியத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

அவள் செய்தது இதுதான். முதல் பாட்டுக்கு வந்த அதே வெள்ளைக் கட்டைகள், ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஸ என்று முதலில் வைத்துக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு, தைவதத்தில் போய் உட்கார்ந்து, அதையே ஸட்ஜமாக, ஆரம்ப ஸ்வரமாக வைத்துக்கொண்டு வாசித்தாள். சந்தோஷப் பாட்டின் ஸ்வரங்களே மாஸ்டரின் மைனராகிவிட்டன. நம்மவர்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள் என்று சொன்னாள். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல்நாட்டுச் சங்கீதப் புத்தகத்திலும் இது இருக்கிறது, வேறு பெயரில் என்று உற்சாகமாகிவிட்டார். அதன் பிறகு நேர்காணல் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. நான் கணக்குப் படித்தவள். புள்ளிகள் அப்படியே இருக்க, ஆரம்பப் புள்ளி நகர்ந்தால் படமே மாறும் என்பதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது காதில் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாஸ்டர் அவளைத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் கல்வி ஆபீஸ் ஒப்புதல் தரவில்லை. பாட்டு டீச்சருக்குப் பாட்டு மெயினாக இருக்க வேண்டுமாம். அச்சன் எங்கள் வீட்டுக்கே வந்து, சங்கடத்தோடு சொன்னார். எகனாமிக்ஸ் மெயின் என்பதால் வேண்டுமானால் சமூகப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மன்னி அவருக்குக் காப்பி கொடுத்தாள், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவர் போன பிறகு அடுப்படியில் எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணா கெட்டவன் இல்லை. ஆறுதல் சொல்லத்தான் போனான். இதெல்லாம் மைனர் இறக்கம், இதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கலாமா என்றான்.

"யாருக்கு மைனர்? உங்க ஸட்ஜத்துலேர்ந்து பார்த்தாக்க மைனர்தான்," என்றாள் மன்னி. "என்னோடதுல உக்காந்து ஒருதரம் பாருங்கோ."

குரல் உயரவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.

அந்த ஜூனிலேயே அவள் பாலக்காட்டுக்குப் போய், பாட்டில் டிப்ளமோவுக்கு முதல் வருஷத்திலிருந்து சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் அப்போதுதான் பள்ளி முடித்த பெண்கள். பிறந்த வீட்டில் முணுமுணுத்தார்கள்; எங்கள் அம்மா வெளிப்படையாகவே திட்டினாள். புருஷனை மலையில் தனியே விட்டுவிட்டு ஸரிகம படிக்கப் போனவள் என்று கல்பாத்தியில் நான்கு தெருவிலும் பேச்சு. மலையில் அண்ணா, நான் சமைக்கிறேன் என்றாலும் விடாமல், அரிசியைக் குழையவிட்டான், தீயவிட்டான், கடைசியில் சாப்பிடுகிற பதத்துக்கு வந்தான். சுவரில் கிராஃப் தாள் ஒட்டுவது குறைந்துபோனதை நான் கவனித்தேன். ஒருநாள் அவன் என்னிடம், அந்த ஆர்மோனியத்தில் அவள் எந்தக் கட்டையிலிருந்து ஆரம்பித்தாள் என்று கேட்டான். காட்டச் சொன்னான். பள்ளிக்கு வந்து, தானே விரலை வைத்துப் பார்த்தான். அவனுக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனாலும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

மன்னி படிப்பை முடித்தபோது எங்கள் பள்ளியில் அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்திருந்தார். அவளுக்குப் பாலக்காட்டிலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அண்ணா கம்பெனியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினான். ஜவுளிக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தான். அவன் விட்ட கொஞ்ச நாளில்தான் ஏலக்காய் ஏற ஆரம்பித்தது. அவன் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்த மேஜர் அதுதான். கம்பெனியில் இருந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள்.

அண்ணா இப்போது இல்லை. அவனை நினைத்தால் எனக்கு ஒரு கல்யாண வீடுதான் வருகிறது. பழைய கம்பெனிக்காரர் ஒருவர் சொந்தக் காரில் வந்து இறங்கியவர், அண்ணாவைப் பார்த்துவிட்டு, அத்தனை படித்தும் சரியான நேரத்தில் விட்டுவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். பெரிய ஏற்றம்தான், பொய் சொல்லக்கூடாது என்று அண்ணா ஒத்துக்கொண்டான். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"பாட்டு டீச்சரோட ஆத்துக்காரராக்கும்," என்றான் அண்ணா.

அவர் சிரித்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மன்னிக்கு முகம் சிவந்துவிட்டது. கடையில் கணக்கெழுதுவதைச் சொல்லியிருக்கலாமே, அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று அவனைக் கடிந்துகொண்டாள்.

அண்ணா அவள் கையிலிருந்த தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டான்.

"அது சப்சிடியரி," என்றான்.