கண்காட்சிக்குப் போன படங்கு

அடுத்த மாதம் கொழும்பில் ஓர் அருங்காட்சியகத்தில் மலையக மக்களின் வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி தொடங்குகிறது. இப்போது கலை உலகத்துக்கு எங்கள் மேல் திடீர்ப் பாசம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரைத் தகரம், எது கிடைத்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஓவியன் என்பதால் பொருள் சேர்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சுவரில் என் பெயரும் வரும் என்றார்கள். கசக்கவா செய்யும்?

தெமோதரைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் என் அக்காவிடம் படங்கு கேட்டேன். கொழுந்தெடுக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி அது. இருந்த இரண்டில் பழையதைத் தந்தாள். சும்மா தரவில்லை. இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீர் விழும் பீலிக்கரையில் அடித்துத் துவைத்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, பேப்பரில் சுற்றித் தந்தாள். எங்கள் லயத்தில் இரவல் சட்டியைக்கூடத் துலக்காமல் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதிலும் சுத்தம் என்றால் அக்கா பெயரைத்தான் சொல்வார்கள்.

கண்காட்சியை நடத்தும் மேடம் அதை விரித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"கறையெல்லாம் போயிட்டுதே. உழைச்ச அடையாளமே இல்லையே."

படங்கை வேண்டாம் என்றுவிட்டால் சுவரில் என் பெயரும் போகும் என்று விளங்கியது. "நான் பாத்துக்கிறேன் மேடம்" என்றேன். அறைக்குக் கொண்டுபோய்த் தேயிலைச் சாயத்தில் முக்கி, சேற்றில் புரட்டி, அக்கா போட்ட ஒட்டை பிளேடால் பிரித்தேன். அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை. நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்கு ரொம்பத் திருப்தி.

அழைப்பிதழில் கறையும் கிழிசலுமாக அந்தப் படங்கின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள், கீழே அக்காவின் பெயரோடு. அது போன் போனாக லயம் முழுவதும் சுற்றிவிட்டது. போன வாரம் நான் போனபோது அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தெடுக்கும் மலையில் இரண்டு பேர் சாடைமாடையாகச் சிரித்தார்களாம். சண்டைக்கு வருவாள் என்று நினைத்து, கலை அது இது என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் சரியா அலசலையோ தம்பி?" என்றாள். "சவுக்காரம் கொஞ்சந்தான் இருந்துச்சு. ஒட்டும் பிரிஞ்சிருச்சே. அங்க ஒன்னயத்தானே கேவலமா நெனச்சிருப்பாங்க?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்கா உள்ளே போய், தினமும் கட்டுகிற மற்றப் படங்கை எடுத்துவந்தாள். அதையும் வெளுக்கத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

"இத மாத்தி வைக்கச் சொல்லுப்பா. நான் ஒரச்சாக்கு ஏதாவது கட்டிக்கிட்டுப் போயிக்கிறேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்று பயந்து, அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.